ஊரே ஒரு கம்பெனி

(திருப்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். அவர் வீடு திரும்பியதும் பாட்டி கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு ஒண்ணா, ஒன்றரையா?" எட்டு மணி நேர வேலை ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை. ஆர்டர் நெருக்கினால் இரண்டு. சனிக்கிழமை இந்த ஒன்றையும் ஒன்றரையையும் கூட்டித்தான் சம்பளம். பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கு சொல்லித்தருவதற்கு முன்பே எனக்கு ஒன்றரை தெரிந்திருந்தது. இங்கே அமர்ந்திருக்கும் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அந்த ஒன்றரை ஏன் வந்தது என்று புரிய எனக்கு நெடுநாள் ஆயிற்று. படித்து முடித்துப் பதினோரு ஆண்டுகள் ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பிறகு ஆசிரியர் வேலைக்கு வந்தேன். வேலை எப்படிப் பிரிக்கப்படுகிறது, பிரித்த வேலையை எது இணைக்கிறது, ஒரு நிறுவனத்துக்குள் ஒன்றோடொன்று மோதும் நோக்கங்களை யார் சரிக்கட்டுகிறார்கள் என்பதுதான் இன்று என் பேச்சு. ஒரு பங்கு உள்ளே, மீதி வெளியே என்று வேலையைப் பிரித்துச் செய்வதை மேலாண்மை நூல்கள் கலப்பு அமைப்பு என்கின்றன. நம் ஊரில் அதன் பெயர் ஜாப் ஒர்க்.

1937-இல் ரொனால்ட் கோஸ் என்ற இருபத்தாறு வயது ஆங்கிலப் பொருளியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். சந்தையில் எல்லாமே விலைக்குக் கிடைக்கும் என்றால், கம்பெனி என்று ஒன்று எதற்கு? இதுதான் அவர் கேள்வி. ஆள் தேடுவதற்கும் விலை பேசுவதற்கும் சொன்னபடி செய்தாரா என்று பார்ப்பதற்கும் ஒவ்வொரு முறையும் செலவு ஆகிறது. அந்தச் செலவு கூடும்போது வேலையை ஒரே கூரைக்குள் கொண்டுவந்து விடுகிறார்கள் என்பது அவர் கண்ட விடை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1991-இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோஸ் திருப்பூரைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவிநாசி ரோட்டிலிருந்து பல்லடம் ரோடு வரை ஒரு டி-சர்ட்டின் பின்னாலேயே நடந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

நாம் நடந்து பார்ப்போம். நூற்பாலையிலிருந்து நூல் வருகிறது. அது ஒரு நிட்டிங் கம்பெனிக்குப் போய் வட்ட மெஷினில் துணி ரோலாகிறது. ரோல் வீரபாண்டியிலோ அருள்புரத்திலோ உள்ள சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து காம்பாக்டிங். பிறகு கட்டிங் டேபிள். வெட்டிய முன்பக்கம் மட்டும் தனியாகப் பிரிண்டிங் யூனிட்டுக்குப் போகும். சில நேரம் எம்பிராய்டரிக்கும் போகும். திரும்பி வந்து, கட்டுக் கட்டாக, பவர்டேபிள் என்னும் ஒரு தையல் யூனிட்டுக்குப் போகிறது. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று மூன்று வகை மெஷினும், பக்கத்தில் துணி எடுத்துக் கொடுத்து மடித்து வைக்கும் கைமடிகளும் அங்கே. அதற்குப் பிறகு செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒரு டி-சர்ட் ஏழெட்டு முதலாளிகளின் கைக்குப் போய் வந்துவிடுகிறது. எடுத்துப் போவது டெம்போவும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியும்.

இத்தனை பேரையும் இணைப்பது ஒரு டி.சி. புத்தகம். டெலிவரி சலான். இத்தனை கிலோ, இத்தனை ரோல், இன்ன கலர், இத்தனை பீஸ். கீழே ஒரு கையெழுத்து. பல லட்சம் ரூபாய்ச் சரக்கு இந்த ஒரு தாளை நம்பி ஊருக்குள் சுற்றுகிறது. கோஸ் சொன்ன அந்தச் செலவை இந்த ஊர் இவ்வளவு கீழே இறக்கிவிட்டது. எப்படி இறக்கியது?

1920-களில் கொல்கத்தாவிலிருந்து வந்த மெஷின்களோடு இங்கே பனியன் தொழில் தொடங்கியது. நெடுங்காலம் வெள்ளைப் பனியன்தான். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து, குறிப்பாகக் கொங்கு வேளாளக் கவுண்டர் குடும்பங்களிலிருந்து, வேலைக்கு வந்தவர்கள் மெஷினில் உட்கார்ந்து தொழில் கற்றார்கள். பிறகு அண்ணன் தம்பியோ மாமன் மச்சானோ சேர்ந்து நான்கு மெஷின் போட்டார்கள். ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட 'ஃப்ரெட்டர்னல் கேப்பிட்டல்' இந்தக் கதையைத்தான் சொல்கிறது. உழைத்து மேலே வந்தோம் என்ற சொல்லை இந்த ஊர் முதலாளிகள் எவ்வளவு ஆழமாக நம்புகிறார்கள் என்பதையும், அந்தச் சொல் எதையெல்லாம் மறைக்கிறது என்பதையும் அவர் காட்டியிருக்கிறார்.

ஒரே ஊர், ஒரே உறவு. ஏமாற்றினால் கல்யாண வீட்டில் முகம் கொடுக்க முடியாது. இதுவே ஒப்பந்தம்.

இந்த நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு. அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர்ப் பின்னலாடைக் கம்பெனிகளை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பானர்ஜிக்குப் பின்னாளில் நோபல் கிடைத்தது. உள்ளூர்ச் சமூகத்தாரின் கம்பெனிகள் அதிக முதலோடு தொடங்கின. வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலில் தொடங்கினாலும் ஏற்றுமதியில் வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளில் அவர்களை முந்தினார்கள் என்று கண்டார்கள். பணம் திறமை இருக்கும் இடத்துக்குப் போகவில்லை, உறவு இருக்கும் இடத்துக்குப் போனது என்று பொருள். இதே நம்பிக்கைதான் ஊரைக் கட்டியது. அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவரை நிறுத்தியும் வைத்தது.

ஜாப் ஒர்க் பெருகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு 1984-ஐ நினைவுபடுத்த வேண்டும். பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூத்தவர்களுக்கு அந்த நான்கு மாதம் அடுப்பு எப்படி எரிந்தது என்று தெரியும். அதன் பிறகு, பெரிய கூரையின் கீழ் நூறு பேரை வைத்திருப்பதைவிடப் பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து கிடப்பது பாதுகாப்பு என்று முதலாளிகள் பலர் முடிவெடுத்தார்கள். கம்பெனிகள் உடைந்து சிறு யூனிட்டுகள் பெருகின. மின்சாரத்தோடு பத்துப் பேருக்குக் கீழே இருந்தால் அன்றைய தொழிற்சாலைச் சட்டம் தொடாது என்பதும் உதவிற்று. ஆகவே ஜாப் ஒர்க் வெறும் தொழில்திறமையால் வளர்ந்த ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். அதில் பாதி திறமை. மீதி, பேரம் பேசும் கூட்டத்தைக் கலைக்கும் ஏற்பாடு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை.

அதே காலத்தில் ஏற்றுமதி வந்தது. 1970-களின் கடைசியில் இத்தாலிய வியாபாரி ஒருவர் வெள்ளை டி-சர்ட் தேடி இங்கே வந்தார். 1980-களின் நடுவில் ஏற்றுமதி 15 கோடி ரூபாய் அளவில் இருந்தது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் பிறந்தது. 2024-25-இல் அது ஏறத்தாழ 40,000 கோடியைத் தொட்டது. பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகள் பழைய பாதையில் திரும்பி நடந்தன. கட்டிங், செக்கிங், பேக்கிங் மூன்றையும் உள்ளே வைத்துக்கொண்டன. தையலில் ஒரு பங்கு உள்ளே, மீதி வெளியே. நிட்டிங், டையிங் சிலருக்குச் சொந்தம், பலருக்கு ஜாப் ஒர்க். 2013-இல் டாக்காவுக்கு அருகில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களின் ஆடிட் கடுமையானது. ஆடிட்டர் தீயணைப்புக் கருவியையும் சம்பளப் பதிவேட்டையும் பார்க்கிறார். அவர் பார்ப்பது பெரும்பாலும் பெயர்ப் பலகை உள்ள கட்டடத்தை. கட்டு ஏற்றிய வண்டி பின்கேட் வழியாக எங்கே போகிறது என்பது வேறு கதை.

உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று பிரிப்பதில் நல்ல அறிவு இருக்கிறது. நம் ஊரின் பலம் பருத்திக் கோடை ஆடை. ஆர்டர் ஆண்டு முழுதும் ஒரே சீராக வராது. மந்தமான மாதத்துக்குத் தகுந்த மெஷினை உள்ளே வைத்து, மிகுந்ததை வெளியே கொடுத்தால் கம்பெனி தாங்கும். எந்தக் கணக்காளரும் இதைத்தான் சொல்வார்.

அந்த மந்தமான மாதம் எங்கே போய் உட்காருகிறது? ஷெட் வாடகை, மெஷின் வாங்கிய கடனின் தவணை, சனிக்கிழமைக் கூலி மூன்றையும் சுமக்கும் சிறு யூனிட்டில்.

என் கதை ஒன்றைச் சொல்லி ஆக வேண்டும். கம்பெனிப் பெயர் வேண்டாம். ஐரோப்பியக் குழந்தைகள் உடை ஆர்டர். பையருக்கு ஷேடு பிடிக்கவில்லை. மூன்று முறை சாம்பிள் அனுப்பினோம். துணி சாயப்பட்டறையிலிருந்து பதினோரு நாள் தாமதமாக வந்தது. ஷிப்மெண்ட் தேதி நகரவில்லை. தையலுக்கு இருபது நாள் என்று போட்டிருந்தோம். ஒன்பது நாள்தான் மீந்தது. எங்கள் ஆபீசில் மூன்று பேருக்கு மூன்று நோக்கம். எனக்குத் தேதி வேண்டும். குவாலிட்டி மேனேஜருக்குப் பழுதில்லாத பீஸ் வேண்டும். அக்கவுண்ட்ஸுக்குப் பணம் வெளியே போகக் கூடாது. மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, எதை விட்டுக்கொடுப்பது என்று பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மூன்றையும் சேர்த்து, கட்டோடு கட்டாகப் பவர்டேபிள் யூனிட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

அவர்கள் இரவும் பகலும் தைத்தார்கள். அவசரத்தில் தைத்தால் தையல் வழுக்கும். நூற்றுக்கணக்கான பீஸ் ரிஜெக்ட். அந்த இழப்பை யூனிட்டின் கூலியில் பிடிக்க டெபிட் நோட் போட்டோம். அதை டைப் செய்தது நான். தாமதத்துக்குக் காரணம் ஷேடு என்று எனக்குத் தெரியும். தெரிந்தே டைப் செய்தேன்.

யூனிட்காரர் அடுத்த நாள் வந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். சத்தம் போடவில்லை. "தம்பி, நீங்க எழுதுனது சரியாவே இருக்கட்டுங்க. சனிக்கிழமை பதினாலு பேருக்குக் கூலி போடோணுமுங்க. இதுல பாதியாச்சும் குடுத்து விடுங்க" என்றார். நான் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மேலே கேட்டேன். பழைய பில்லே மூன்று மாதம் நிலுவையில் இருந்தது. அதோடு சேர்த்துப் பார்ப்போம் என்றார்கள். அவர் எழுந்து போனபோது நாற்காலியை இழுத்து ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. கலப்பு அமைப்பில் ஒரு கம்பெனி தன் நோக்கங்களுக்குள் எது முக்கியம் என்று முடிவெடுக்காமலேயே காலம் தள்ள முடியும். முழுதும் ஒரே கூரையாக இருந்தால் அந்தச் சண்டை எம்.டி. மேஜைக்கு வந்தே தீரும். வெளியே கொடுக்கும்போது, வேகமா தரமா என்ற முடிவை ஒரு சந்துக்குள் இரவு இரண்டு மணிக்கு ஒரு டெய்லர் எடுக்கிறார். தவறாக எடுத்தால் தண்டனையும் அவருக்கு.

தொழிலாளர் பக்கம் பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. திருப்பூரைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் மானுடவியலாளர் கீர்ட் டி நேவ், பெரிய ஏற்றுமதி ஆலைகளைவிடச் சிறு யூனிட்டுகளை விரும்பும் தொழிலாளர்கள் பலரைப் பதிவு செய்திருக்கிறார். எனக்கு அதில் வியப்பில்லை. பீஸ் ரேட்டில் கை வேகம் காசாகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பத்து மணிக்கு வரலாம். சூப்பர்வைசர் கத்தினால் அடுத்த வாரம் வேறு யூனிட். அம்மா பெரிய கம்பெனிக்குப் போகாததற்கும் இதுவே காரணம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் அவருக்கு இல்லை. ஐம்பது வயதில் கண் மங்கிச் செக்கிங்குக்கு ஆகாமல் போனபோது, அவருடைய சுதந்திரத்தின் மறுபக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அந்தச் சுதந்திரத்தில்கூடப் பாதிதான் கிடைக்கிறது. தூங்கும் இடமும் கம்பெனியுடையது.

இனி நொய்யல் ஆற்றைப் பற்றி. இந்த ஊரில் ஒருமுறையாவது கலப்பு அமைப்பு தன் சுமையை வெளிப்படையாகப் பங்கு போட்டுக்கொண்டது என்றால் அது இங்கேதான்.

பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். துணிக்குப் போடும் உப்பு ஏறக்குறைய முழுதும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலில் அந்த உப்பு இறங்கிற்று. பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாயிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. நிறம் போயிற்று, உப்பு போகவில்லை. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி ஏறும் தொகையைக் கட்டச் சொன்னது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் இறங்கக் கூடாது என்ற நிலையை உறுதி செய்தது. பிறகும் இறங்கியது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள். அந்த மாதங்களில் ஊர் எப்படிக் கிடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு நடந்ததை வெளியூர் மாணவர்களிடம் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும். ஒருவர் ஆர்டரை மற்றவர் பிடுங்கும் போட்டியாளர்கள், பதினெட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிறுவனங்களில் பங்காளிகளாகச் சேர்ந்து நின்றார்கள். மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. கழிவு நீர் உயிரியல் முறையில் சுத்தமாகி, ஆர்.ஓ. சவ்வு வழியாகப் போய், பெரும்பகுதி நல்ல நீராகப் பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து உப்பைப் பிரிக்கிறார்கள். அருள்புரத்தில் அந்தக் கரைசலையே நேராகச் சாயத்துக்குப் பயன்படுத்தும் வழியைக் கண்டார்கள். இன்னும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிந்திருக்கிறது. திருட்டுத்தனமாகத் திறந்துவிடுவதும் அங்கங்கே நடக்கிறது. ஆனாலும் இவ்வளவு பெரிய தொழில் நகரம் தன் சாய நீரைத் திரும்பக் குடிக்கக் கற்றது சிறிய செயலாகாது.

இது எப்படி முடிந்தது? நீதிமன்றம் கட்டாயப்படுத்தியது என்பது பாதி விடை. மீதி பாதி, மீட்டர். ஒவ்வொரு பட்டறையின் குழாயிலும் எத்தனை லிட்டர் வருகிறது என்று அளந்தார்கள். அளந்த அளவுக்குச் செலவு. இவன் அதிகம் விடுகிறான், நான் ஏன் கட்ட வேண்டும் என்ற சந்தேகம் அந்த அளவையில் அடங்கியது. டி.சி. புத்தகத்தின் நம்பிக்கை போதாத இடத்தில் ஒரு அளவுகோல் வந்து நின்றது. சாயத்தின் கூலியில் சுத்திகரிப்புச் செலவும் ஏறியது. ஆடையின் விலையில் ஆற்றுக்கும் ஒரு பங்கு வந்தது.

தையலில் அப்படி ஒரு மீட்டர் இல்லை. பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமாவோடு பவர்டேபிள் உரிமையாளர் சங்கம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூலி உயர்வு ஒப்பந்தம் போடுகிறது. அது நல்ல வழக்கம். கூட்டாகப் பேசும் பழக்கத்தை இந்த ஊர் முழுதாக மறக்கவில்லை என்பதற்கு அடையாளம். ஆனால் அந்த ஒப்பந்தம் ரேட்டைச் சொல்கிறது. பணம் என்றைக்கு வரும் என்பதையும், தாமதம் யாருடையது என்பதையும் கட்டுப்படுத்துவதில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 முதல் சட்டம் இருக்கிறது. 2023-இல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: அந்தக் கெடுவுக்குள் கட்டாத பில்லை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, கட்டிய ஆண்டில்தான் காட்டலாம். 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வரவிருந்தபோதே ஜவுளித் துறை முழுதும் பதறியது. ஒரு பில்லை 45 நாளில் கட்டுவது இவ்வளவு பெரிய செய்தியாக இருந்ததே, அதிலிருந்து தெரியும் யார் யாருக்குக் கடன் கொடுத்து வந்தார்கள் என்பது. வங்கியில் லிமிட் உள்ள ஏற்றுமதியாளருக்கு, லிமிட் இல்லாத தையல் யூனிட் வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது.

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கான வரியை 50 சதவீதமாக்கியபோதும் இதையே பார்த்தோம். பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள், ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். ஏற்றுமதியாளர்களின் இழப்பைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதின. அது உண்மையான இழப்பு, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஏற்றுமதிக் கடன், சலுகை என்று எது அறிவித்தாலும் ஏற்றுமதி பில் உள்ளவருக்குத்தான் முதலில் எட்டும். பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று தைத்துக் கொடுத்தவரிடம் இருப்பது டி.சி.யின் இரண்டாம் படி, அந்த மஞ்சள் தாள் மட்டும்.

இந்த அரங்கில் ஏற்றுமதியாளர்கள் இருக்கிறீர்கள், என்னிடம் படித்த மெர்ச்சண்டைசர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. டி.சி. புத்தகத்தை எப்படியும் பிரஸ்ஸில் கொடுத்து அச்சடிக்கிறோம். அடுத்த முறை அச்சடிக்கும்போது இரண்டு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, கட்டு எந்தத் தேதியில் வர வேண்டியது, எந்தத் தேதியில் வந்தது. இன்னொன்று, பணம் எந்தத் தேதியில். முதல் கட்டம் இருந்திருந்தால் அன்று அந்த டெபிட் நோட்டை என்னால் டைப் செய்திருக்க முடியாது. துணி பதினோரு நாள் தாமதம் என்று என் கையெழுத்தோடு அவர் பையிலேயே இருந்திருக்கும்.

அவரைப் போன மாதம் காதர்பேட்டையில் பார்த்தேன். யூனிட்டை விற்றுவிட்டார். இப்போது ஒரு கடையில் செகண்ட்ஸ் பனியன் பிரித்து அடுக்கும் வேலை. என்னை அடையாளம் கண்டு, "தம்பி, காப்பி குடிக்கலாமுங்க, வாங்க" என்று கூப்பிட்டார். நான்தான் காசு கொடுக்கப் போனேன். அவர் விடவில்லை.